ஆங்கில வருணனைச் சொற்கள்: இரட்டைக்கிளவி தெரிந்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது

நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலக் கட்டுரை என்றதும் மாணவர்கள் வாயில் முதலில் வரும் சொல் 'பொம்பாஸ்டிக்'. "கட்டுரையில் நாலு பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ் போடு, மார்க் வரும்" என்று அண்ணன் தம்பிக்கும் அக்காள் தங்கைக்கும் சொல்லிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. டியூஷன் நிலையங்களில் இதற்கென்றே பட்டியல்கள் கைமாறுகின்றன. ஆனால், ஆங்கில அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்குப் பாராட்டான பொருளே கிடையாது. வெறும் ஆடம்பரச் சத்தம், உள்ளே விஷயம் குறைவு என்பதைத்தான் அது குறிக்கிறது. அதன் மூலச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் பஞ்சைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டைகளைப் புடைப்பாகக் காட்ட உள்ளே திணித்த பஞ்சுக்கு அந்தப் பெயர். அதுவே பிறகு ஊதிப் பெருக்கிய பேச்சுக்கும் பெயரானது.

2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். முதல் ஆங்கிலத் தாள் புதிய வடிவத்துக்கு மாறியது. ஐரோப்பிய மொழித்தர அளவீடான சி.இ.எஃப்.ஆர். அதன் அடிப்படை. எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள்: சுமார் 80 சொற்களில் மின்னஞ்சல் பதில், 125 முதல் 150 சொற்களில் வழிகாட்டிக் கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் நீண்ட கட்டுரை. உள்ளடக்கம், தகவல் சென்று சேரும் விதம், ஒழுங்கமைவு, மொழி ஆகிய நான்கையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 250 சொல்லுக்குள் கதை முடிய வேண்டிய இடத்தில் பஞ்சு திணிக்க எங்கே இடம்? "சூரியன் பளிச்சென்று ஒளிர்ந்தது, பறவைகள் மகிழ்ச்சியாகக் கூவின" என்ற மனப்பாடத் தொடக்கத்தை ஆயிரம் விடைத்தாளில் படித்த ஆசிரியருக்கு அது ஒன்றும் சொல்லப்போவதில்லை. இடத்துக்குப் பொருந்திய ஒரே ஒரு சொல் அவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், படிவம் ஒன்றிலிருந்து பாடங்கள் மலாயில், ஆங்கிலம் பாடவேளையோடு சரி. ஆகவே சொல்வளம் இல்லை என்ற பயம் இவர்களிடம் அதிகம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை, செய்யுளும் மொழியணியும் பகுதியில் இரட்டைக்கிளவிகளை வரிசையாக ஒப்புவித்திருக்கும். சலசல, கலகல, மளமள, திருதிரு, கிறுகிறு என ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் சொற்கள் அவை. ஆங்கிலச் சொல்லைப் புதிதாக நடுவதைவிட இந்த வேரில் ஒட்டுக் கட்டுவது எளிது.

சில ஒட்டுகள்

பிசுபிசு என்றால் 'ஸ்டிக்கி'. பால்மரம் வெட்டியவர் கையில் காய்ந்த பால், உருகிய மிட்டாய், வியர்த்த சட்டை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கொழகொழ என்பது 'ஸ்லைமி'. வெண்டைக்காய்க்கும் நத்தைக்கும் இதுவே. சோறு குழைந்துபோனால் அது 'மஷி'.

மொறுமொறு என்பதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. அப்பளம் போல் மெல்லியதாக, தொட்டாலே நொறுங்கினால் 'கிரிஸ்பி'. முறுக்கு, வெள்ளரிக்காய் போல் கடிக்கும்போது சத்தம் எழுப்பினால் 'கிரன்ச்சி'. அதே பலகாரம் ஈரம் பட்டுத் துவண்டால் 'சோகி'. நாள்பட்டுச் சுவை கெட்டால் 'ஸ்டேல்'. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து டின்னைத் திறந்தால் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சொரசொர என்பதற்கு 'ரஃப்'. மணல், துணி, உப்பு போன்றவற்றின் பருமனான தன்மைக்கு 'கோர்ஸ்'. வழவழ 'ஸ்மூத்', வழுக்கினால் 'ஸ்லிப்பரி'. நெடுநெடு என்று வளர்ந்து ஒல்லியாக இருப்பவன் 'லேங்க்கி'. கொழுகொழு குழந்தை 'சப்பி'. பெரியவர்களுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் சிலருக்கு மனம் நோகும். கடுகடு முகம் 'கிரம்பி'. திருதிருவென விழிப்பவர் 'பிவில்டர்ட்', அதாவது என்ன நடக்கிறது என்று புரியாமல் திகைத்தவர். தளதளவென்று செழித்த செடி கொடி 'லஷ்'. சிகிஞ்சான் வயலில் நாற்று வேர்பிடித்து நிற்கும் பருவத்துக்கு இந்தச் சொல் கச்சிதம். அறுவடை நெருங்கியதும் அது 'கோல்டன்' ஆகிவிடும், அப்போது 'லஷ்' எழுதினால் தப்பு.

புழுக்கம் என்ற தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆள் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்று மட்டும் சொல்ல 'ஹியூமிட்' உண்டு. அந்த ஈரத்தோடு உடம்பு கசகசக்கும் வெப்பமும் சேர்ந்தால் 'மகி'. சன்னல் சாத்திய அறைக்குள் மூச்சு முட்டினால் 'ஸ்டஃபி'. 'ஹாட்' என்ற சொல் ஒன்றையே வெயிலுக்கும் குழம்புக்கும் போட்டுக் குழப்புவதும் நடக்கிறது. காரத்துக்கு 'ஸ்பைசி' என்று எழுதினால் சந்தேகமே இல்லை.

வினைக்குள் ஒளிந்திருக்கும் வருணனை

தமிழில் "இலைகள் சலசலவென அசைந்தன" என்கிறோம். எப்படி என்பதை ஒரு சொல் சொல்கிறது, என்ன செய்தது என்பதை இன்னொரு சொல் சொல்கிறது. ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிடும். இலை சலசலத்தால் 'ரஸல்'. தண்ணீர் சலசலத்தால் 'கர்கிள்'. முணுமுணுத்தால் 'மட்டர்', கிசுகிசுத்தால் 'விஸ்பர்', குளிரில் வெடவெடத்தால் 'ஷிவர்', பயத்தில் கை நடுங்கினால் 'ட்ரெம்பிள்'.

நடையைப் பாருங்கள். 'வாக்' என்ற சொல்லோடு 'ஸ்லோலி' சேர்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. ஆனால், பொழுதுபோக்காக உலாவினால் 'ஸ்ட்ரோல்'. களைத்துப்போய்க் காலை இழுத்து நடந்தால் 'ட்ரட்ஜ்'. நொண்டினால் 'லிம்ப்'. தள்ளாடினால் 'ஸ்டேகர்'. சேற்றில் இறங்கி நடந்தால் 'வேட்'. புக்கிட் மெலாவாத்திக்குச் சுற்றுலா வந்தவர் 'ஸ்ட்ரோல்' செய்கிறார். செம்பனைக் குலைகளை வெட்டிப் போட்டுவிட்டு மதியம் வீடு திரும்பும் தொழிலாளி 'ட்ரட்ஜ்' செய்கிறார். அந்த ஒரு வினைச்சொல்லில் அவருடைய காலைப்பொழுது முழுவதும் இருக்கிறது. பெயரடைகளைத் தேடி ஓடுவதற்கு முன் ஒரு மாணவர் இத்தகைய 20 வினைச்சொற்களைக் கைவசம் வைத்துக்கொண்டால் கட்டுரையின் தரம் அதிலேயே பாதி உயர்ந்துவிடும்.

கம்போங் குவாந்தானில் ஒளிருவது எது

கோல சிலாங்கூர் என்றால் மின்மினிப் பூச்சிகள். மலாயில் 'கெலிப்-கெலிப்' என்ற அந்தப் பெயரும் நம் இரட்டைக்கிளவி போலவே ஒலிப்பது சுவையானது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ள பெரெம்பாங் மரங்களில் கூடும் இந்த இனத்தின் ஆண் பூச்சிகள் ஒன்றுசேர்ந்து ஒரே தாளத்தில் மின்னுகின்றன. சுற்றுலா பற்றிய கட்டுரை வந்தால் இந்த வட்டார மாணவர் தொடும் முதல் தலைப்பு இதுதான். எல்லோரும் எழுதும் சொல் 'ஷைன்'. அது பொத்தாம்பொதுவான சொல்.

நெருப்புத் தணல் போல் விட்டுவிடாமல் மெல்ல ஒளிர்ந்தால் 'குளோ'. மங்கலாக, வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் இருந்தால் 'கிளிம்மர்'. விட்டுவிட்டு மின்னினால் 'டுவிங்கிள்'. விண்மீனுக்கும் மின்மினிக்கும் பொருந்துவது இது. பளிச்சென்று ஒரு கணம் வெட்டினால் 'ஃபிளாஷ்'. அணையப்போகும் விளக்கு போல் ஒழுங்கில்லாமல் துடித்தால் 'ஃபிளிக்கர்'. தாளம் தவறாத மின்மினிக் கூட்டத்துக்கு 'ஃபிளிக்கர்' ஒத்துவராது. 'கிளிட்டர்' என்றால் வேறிடத்து ஒளி பட்டு மினுமினுப்பது: நகை, சரிகை, நிலவொளியில் ஆற்று நீர். கண் கூசும் ஒளி 'கிளேர்'. எதிரே வரும் காரின் விளக்கு அது. புக்கிட் மெலாவாத்தியில் 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்துக்கு 'ஃபிளாஷ்' பொருந்தும், 'டுவிங்கிள்' பொருந்தாது.

அந்த ஆற்று நீரைப் பற்றி எழுதும்போது 'டர்ட்டி' என்று முடித்துவிடுவது அநியாயம். கலங்கலாய், அடி தெரியாமல் இருந்தால் 'மர்க்கி'. மந்தமாக ஓடினால் 'ஸ்லக்கிஷ்'. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்த உவர் நீர் 'ப்ராக்கிஷ்'. பெரெம்பாங் மரம் வளர்வதே இந்த உவர் நீர்க் கரையில்தான். ஆகவே மின்மினி பற்றிய கட்டுரையில் 'ப்ராக்கிஷ்' என்ற சொல் இடம்பெற்றால் எழுதியவருக்கு இடம் தெரியும் என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும்.

குன்றின் மேல் இரண்டு வகைக் குரங்குகள் இருப்பதும் பயிற்சிக்கு நல்ல வாய்ப்பு. வெள்ளிச் சாயல் உரோமம் கொண்ட லோத்தோங் 'டோசைல்', அதாவது சாதுவானது, சொன்னபடி கேட்பது. அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். கையிலிருந்து பொட்டலத்தைப் பறிக்கும் நீண்டவால் குரங்கு 'சீக்கி', இன்னும் மிஞ்சினால் 'அக்ரெசிவ்'.

மூக்குக்குத் தெரிந்த சொற்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வாடைகளின் வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாமே 'பேட் ஸ்மெல்' ஆகிவிடுகிறது. கெட்டுப்போன எண்ணெயின் காறல் 'ரான்சிட்'. பூட்டிக்கிடந்த வீட்டின் பூஞ்சை வாடை 'மஸ்டி'. மூக்கைத் துளைக்கும் நெடி 'பஞ்ஜென்ட்'; ஜெராம் பக்கத்துக் கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் இது பொருந்தும், இழிவான சொல்லும் இல்லை. தாங்க முடியாத துர்நாற்றம் 'ஸ்டென்ச்'. மல்லிகைக்கு 'ஃபிரேக்ரன்ட்'. கமகமவென்ற சமையல் மணத்துக்கு 'அரோமாட்டிக்'.

தொண்டையைக் கரிக்கும் புகைக்கு 'ஆக்ரிட்' என்று தனிச் சொல் உண்டு. வட சிலாங்கூரில் ராஜா மூசா வனக் காப்பகத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்குள்ள பீட் மண், மக்கிய இலைதழையால் ஆனது. வறட்சிக் காலத்தில் தீப்பிடித்தால் சுவாலை தெரியாமல் நிலத்தடியில் கனன்றுகொண்டே இருக்கும். அப்படிக் கனல்வதற்கு 'ஸ்மோல்டர்'. கொழுந்துவிட்டு எரிந்தால் 'பிளேஸ்'. செய்தி எழுதுபவர்களே இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுண்டு.

'கடும்' என்ற ஒரு சொல்லின் ஒன்பது முகங்கள்

தமிழிலிருந்து நேராக மொழிபெயர்க்கும்போது அதிகம் கால் தடுக்கும் இடம் இது. தமிழில் 'கடும்' என்பதை எதனோடும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைச்சொல் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. கடும் மழை 'ஹெவி'. கடும் காற்று 'ஸ்ட்ராங்'. கடும் வெயில் 'ஸ்கார்ச்சிங்'. கடும் புகை 'திக்'. கடும் குளிர் 'பிட்டர்'. கடும் உழைப்பு 'ஹார்ட்'. கடும் காய்ச்சல் 'ஹை'. கடும் போட்டி 'ஸ்டிஃப்'. கடும் தண்டனை 'சிவியர்'. 'ஸ்ட்ராங் ரெய்ன்' என்றோ 'ஹார்ட் ஃபீவர்' என்றோ எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஆங்கிலம் பேசுபவர் காதில் உறுத்தும். பட்டியல் பார்த்துத் தனிச் சொல்லாக மனனம் செய்வது இங்குதான் உதவாமல் போகிறது. சொல்லை அதன் ஜோடியோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

'வெரி' பற்றியும் ஒரு வார்த்தை. 'வெரி டயர்ட்' என்பதற்கு 'எக்ஸாஸ்டெட்', 'வெரி ஹங்கிரி' என்பதற்கு 'ஸ்டார்விங்', 'வெரி பிக்' என்பதற்கு 'ஹியூஜ்' எனத் தனிச் சொற்கள் உண்டு. இவற்றின் முன் மறுபடியும் 'வெரி' போடக் கூடாது. உச்சம் ஏற்கனவே சொல்லுக்குள் இருக்கிறது. 'போர்ட்', 'போரிங்' குழப்பமும் ஆண்டுதோறும் விடைத்தாளில் வருவதே. சலிப்படைந்தவர் 'போர்ட்', சலிப்பூட்டுபவர் 'போரிங்'. "ஐ எம் போரிங்" என்று சொன்னவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மனிதர்களை வருணிக்கும்போது சொல்லின் பொருளோடு அதன் மனநிலையையும் பார்க்க வேண்டும். பணத்தை எண்ணிச் செலவழிக்கும் அம்மா 'திரிஃப்டி'. அதையே 'ஸ்டின்ஜி' என்றால் கஞ்சம் என்று பழிப்பதாகும். 'டிடர்மின்ட்' உறுதி, 'ஸ்டபர்ன்' பிடிவாதம். 'ஸ்லிம்' என்றால் மகிழ்வார்கள், 'ஸ்கின்னி' என்றால் முகம் சுளிப்பார்கள். பெரியவர்களை 'ஓல்ட்' என்பதைவிட 'எல்டர்லி' என்பது மரியாதை. நம் மொழியில் கிழவருக்கும் பெரியவருக்கும் உள்ள அதே தூரம்.

காலியான லயத்து வீடுகளுக்கு என்ன பெயர்

பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தின் பெயரே தமிழ். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்குதான் போடப்பட்டது. போட்டவர் ஆன்ரி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்று, பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. இந்த வட்டாரத்து மண்ணையும் மழையையும் தமிழ்த் தொழிலாளர்களையும் உலகத்துக்கு வருணித்த பேனா ஒரு துரையின் பேனாவாக இருந்தது. லயத்து வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதியது மிகக் குறைவு.

இன்று அந்த வீடுகள் பல இடங்களில் காலி. 'எம்ப்டி' என்று எழுதினால் போதாது. 'வேகன்ட்' என்றால் ஆள் இல்லை, ஆனால் யாராவது வரலாம். வாடகைக்கு விடும் அறை போல. 'டெஸர்டெட்' என்றால் முன்பு மக்கள் நடமாடிய இடம், இப்போது ஓய்ந்து கிடக்கிறது. 'அபேண்டன்ட்' என்றால் இனித் திரும்புவதில்லை என்று விட்டுப்போனது. கவனிப்பாரின்றிப் பாழடைந்தால் 'டெரிலிக்ட்'. 'டிலாபிடேட்டட்' என்பது பழசாகி இடிந்துவரும் நிலை; உள்ளே இன்னும் ஒரு குடும்பம் இருக்கலாம்.

இந்தக் கடைசி வேறுபாடு கட்டுரைக்கு மட்டும் உரியதன்று. வீட்டுப் பிரச்சினை குறித்துத் தோட்ட நிர்வாகத்துக்கோ ஆங்கில நாளேட்டுக்கோ கடிதம் எழுதும் இளைஞர், மக்கள் குடியிருக்கும் வீட்டை 'அபேண்டன்ட்' என்று எழுதிவிட்டால், ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்குப் பழுதுபார்ப்பு என்று கேட்க இடம் கொடுத்ததாகிவிடும். பகுதி பகுதியாகச் சொல்வது இன்னும் வலுவானது: ஒழுகும் கூரை 'லீக்கி', துருப்பிடித்த தகரம் 'ரஸ்டி', உளுத்த பலகை 'ராட்டன்', வெடித்த சுவர் 'கிராக்ட்', உதிரும் சிமெண்டு 'கிரம்ப்ளிங்'.

கிளினிக்கில்

தமிழ் தெரியாத மருத்துவரிடம் அம்மாவையோ தாத்தாவையோ அழைத்துப் போகும் பிள்ளைதான் பல வீடுகளில் மொழிபெயர்ப்பாளர். 'பெயின்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டால் மருத்துவருக்குத் துப்பு கிடைப்பதில்லை. இங்கும் இரட்டைக்கிளவி கைகொடுக்கும். விண்விண்ணென்று தெறித்தால் 'த்ரோபிங்'. சுருக்சுருக்கென்று கத்தி போல் குத்தினால் 'ஸ்டாபிங்'. ஓரிடத்தில் மந்தமாக வலித்துக்கொண்டே இருந்தால் 'டல்'. எரிச்சலாக இருந்தால் 'பர்னிங்'. பாரம் ஏற்றியது போல் நெஞ்சு இறுகினால் 'டைட்'. இதைத் தயங்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும். நெஞ்சு படபடத்தால் 'பவுண்டிங்'. தலை கிறுகிறுத்தால் 'டிஸி'. கை கால் மரத்தால் 'நம்ப்', குறுகுறுவென ஊசி குத்துவது போலிருந்தால் 'டிங்ளிங்'. திடீரென வந்தது 'சடன்', படிப்படியாக வந்தது 'கிராஜுவல்'. விடாமல் இருக்கிறதா, வந்து வந்து போகிறதா என்று மருத்துவர் அடுத்துக் கேட்பார். விடாமல் இருந்தால் 'கான்ஸ்டன்ட்' என்றும், விட்டுவிட்டு வந்தால் 'இட் கம்ஸ் அண்ட் கோஸ்' என்றும் சொன்னால் போதும்.